பிளாட்டினத்துக்கு ஒரு துணை



நம் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி மெத்தனால் எரிபொருள் மின்கல ஆய்வில் சேர்ந்திருக்கிறாள். "அது கள்ளச்சாராயத்தில் கலக்கிற விஷமாச்சே சார்?" என்று அவள் அப்பா கேட்டார். ஆமாம், அதேதான். 2024இல் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது மெத்தனால்தான். ஆனால் அதே திரவத்தை எரிக்காமலே அதிலிருந்து மின்சாரம் எடுக்க முடியும். அந்த முயற்சியின் வேர் 200 ஆண்டுகளுக்கு முன்னால் போகிறது.

1823இல் ஜெர்மனியின் ஜெனா நகரில் டோபரைனர் என்ற பேராசிரியர், பஞ்சு போன்ற பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனைப் பீய்ச்சினார். நெருப்பு வைக்காமலே வாயு பற்றிக்கொண்டது. பிளாட்டினம் துளியும் குறையவில்லை. இதைத்தான் வினையூக்கி என்கிறோம். கல்யாணத் தரகர் மாதிரி என்று வகுப்பில் சொல்வேன். (தரகர் கமிஷன் வாங்குவார், இது வாங்காது!)

அடுத்து வேல்ஸ்காரர் வில்லியம் குரோவ். தொழில் வக்கீல், பின்னாளில் நீதிபதி. 1839 முதல் செய்த சோதனைகளில், பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் வினைபுரிய வைத்து மின்சாரம் எடுத்தார். முதல் எரிபொருள் மின்கலம் அதுதான்.

ஹைட்ரஜனை அடைத்து எடுத்துச் செல்வது பெரும்பாடு. மெத்தனாலைக் கேனில் ஊற்றிக்கொண்டு போகலாம். ஒரு மூலக்கூறு 6 எலக்ட்ரான்கள் தரும். ஆனால் வினையின் பாதியில் கார்பன் மோனாக்சைடு உண்டாகி பிளாட்டினத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறது. பஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு யாரையும் ஏறவும் விடாமல் இறங்கவும் விடாமல் மறிக்கும் ஆளைப் பார்த்திருப்பீர்கள், அப்படித்தான். கொஞ்ச நேரத்தில் வினையூக்கி முடங்கிவிடும்.

என்னைக் கேட்டால் இந்தக் கதையில் முதல் மாலை ருத்தேனியத்துக்குத்தான் போட வேண்டும். 1844இல் ரஷ்யாவின் கசான் நகரில் கார்ல் கிளாஸ் கண்டுபிடித்த உலோகம் இது. பிளாட்டினத்தின் பக்கத்தில் இதை வைத்தால், இது தண்ணீரைப் பிரித்து அதிலுள்ள ஆக்சிஜனை அந்தக் கார்பன் மோனாக்சைடுக்குக் கொடுக்கிறது. உடனே அது கார்பன் டை ஆக்சைடாகிக் கிளம்பிவிடுகிறது. இந்தக் கூட்டு வேலையை 1975இல் ஜப்பானின் வாட்டனாபேயும் மோட்டோவும் விளக்கினார்கள்.

பிளாட்டினம் விலை உயர்ந்தது. வினை நடப்பதோ மேற்பரப்பில் மட்டும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான். அதையே 3 நானோமீட்டர் கட்டிகளாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 2,000 சதுர மீட்டர், ஏறக்குறைய அரை ஏக்கர்! கணக்குப் போட்டுப் பாருங்கள். இவ்வளவு சிறிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் இருக்க, அவற்றைக் கரித்தூளின் மேல் பரப்பி வைக்கிறார்கள்.

1990களில் அமெரிக்காவில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஓலாவும் சூர்ய பிரகாஷும், நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தாருடன் சேர்ந்து, அமிலக் கரைசலுக்குப் பதில் பிளாஸ்டிக் சவ்வு வைத்த மெத்தனால் மின்கலத்தை உருவாக்கினார்கள். சூர்ய பிரகாஷ் சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. படித்தவர்.

2009இல் தோஷிபா நிறுவனம் மெத்தனாலில் இயங்கும் செல்போன் சார்ஜரை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. மொத்தமே 3,000தான். அதற்குமேல் பரவவில்லை. மெத்தனால் சவ்வு வழியே மறுபக்கம் கசிகிறது. நாளடைவில் ருத்தேனியம் கரைகிறது. நானோ துகள்கள் ஒன்று சேர்ந்து பருத்துவிடுகின்றன. கரித்தூளுக்குப் பதில் கார்பன் நானோ குழாய்களில் துகள்களைப் பதித்தால் நின்று உழைக்குமா என்றும் ஆய்வாளர்கள் பார்த்து வருகிறார்கள்.