மாடி டோமும் நுங்கம்பாக்கத்துத் தூணும்



"மொட்டை மாடியில் என்ன அது, கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி?" என்று உங்களில் பலர் போனில் கேட்டுவிட்டீர்கள். அது என் தொலைநோக்கிக்கான டோம். ஏன் கட்டினேன் என்று சொல்ல வேண்டுமானால் 1786-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு சென்னை எழும்பூரில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான வில்லியம் பெட்ரி தம் வீட்டிலேயே, தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக் கூடம் அமைத்தார். 1789-இல் இங்கிலாந்து புறப்பட்டபோது கருவிகளைச் சென்னை அரசிடம் கொடுத்துவிட்டுப் போனார். கம்பெனிக்கு அது தேவைப்பட்டது. சோழமண்டலக் கடற்கரையில் கப்பல்கள் பாறையில் மோதாமல் வர வேண்டுமானால் ஊர்களின் தீர்க்கரேகை சரியாகத் தெரிய வேண்டும். அதற்கு வானத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. நம் நலனுக்காகச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வணிகத்துக்கும் நில அளவைக்கும் செய்தார்கள்.

1792-இல் மைக்கேல் டாப்பிங் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் எழுப்பினார். அதன் நடுவில் ஒரு கருங்கல் தூண். எடை சுமார் 10 டன். கருவி அந்தத் தூணின் மேல்தான் அமர்ந்தது. கட்டடம் எப்போதோ போய்விட்டது. தூண் மட்டும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. தமிழ், தெலுங்கு எழுத்துகளும் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் சென்னை போனபோது பார்த்தேன். "எதற்கு இவ்வளவு பெரிய கல்?" என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. என் மாடிதான் பின்னால் விளக்கியது.

ஓய்வுக்குப் பின் தொலைநோக்கி வாங்கினேன். தினமும் தூக்கி வைத்து எடுத்தால் முதுகு தாங்கவில்லை. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன், "ஐயா, நான் செய்து தருகிறேன்" என்றான். இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே ஃபைபர் தகடு, ஒரு பக்கம் திறக்கும் வாய். வட்டச் சுவரின் மேல் சக்கரங்களில் டோம் உருள வேண்டும்.

முதல் நாளே சிக்கிக்கொண்டது. பாதி சுற்றும், பிறகு நகராது. எண்ணெய் விட்டோம், சக்கரம் மாற்றினோம், பயனில்லை. கடைசியில் நாடாவை எடுத்து வளையத்தைப் பல திசைகளில் அளந்தேன். வெல்டிங் சூட்டில் இரும்பு இழுத்து, வட்டம் நீள்வட்டமாகியிருந்தது. வித்தியாசம் முக்கால் அங்குலம்தான். வளையத்தை நிமிர்த்தினோம். சக்கரங்களை டோமிலிருந்து கழற்றிச் சுவரின் மேல் மல்லாத்திப் பொருத்தினோம். பக்கவாட்டில் ஓடாமலிருக்க வேறு நான்கு சிறு சக்கரங்கள். இப்போது ஒரு கையால் தள்ளலாம்.

அடுத்த சிக்கல் பெரியது. சனிக்கோளின் வளையத்தைப் பேத்திக்குக் காட்டினேன். "தாத்தா, ஆடுது" என்றாள். அவள் காலை மாற்றி வைத்தாலே ஆடியது. நான் தூணைத் தளத்தின் நடுவில் ஊன்றியிருந்தேன். நடக்கும் அதிர்வை மாடித்தளம் தூணுக்குக் கடத்தியது. தொலைநோக்கி படத்தை நூறு மடங்கு பெரிதாக்கினால் ஆட்டத்தையும் நூறு மடங்கு பெரிதாக்கும் அல்லவா?

அன்றிரவு நுங்கம்பாக்கத்துக் கல் நினைவுக்கு வந்தது. கருவியைத் தாங்குவது ஒன்று, மனிதரைத் தாங்குவது வேறு. இரண்டும் தொடக் கூடாது. பெரிய ஆய்வுக்கூடங்களிலும் இதே விதிதான். என் தூணைப் பெயர்த்து, கீழ்வீட்டுக் கான்கிரீட் தூணுக்கு நேர் மேலே நிறுத்தினேன். அதைச் சுற்றி, சுவரோரத்தில் மட்டும் தாங்கும்படி ஒரு பலகைத் தரை. பலகைக்கும் தூணுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி. இப்போது பேத்தி குதித்தாலும் சனி பெரிதாக ஆடுவதில்லை.

மூன்றாவது, ஐப்பசி மழை. வாடைக்காற்று டோமுக்கும் சுவருக்கும் இடையே சாரலை அடித்தது. வெளிப்புறம் ஓர் அடி ரப்பர் பாவாடை கட்டினோம். டோம் சக்கரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் பொருள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் நம் முந்திரித் தோப்புகளை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே நான்கு பக்கமும் கொக்கி போட்டுக் கட்டிவைக்கிறேன். மேற்கே நெய்வேலிச் சுரங்க வெளிச்சம் இருக்கிறது. அதற்கு மருந்து இல்லை. கிழக்கு வானம் போதும் எனக்கு.

எழும்பூர் வீட்டுக்குத் திரும்புகிறேன். அங்கே தொடங்கியது எவ்வளவு தூரம் போனது பாருங்கள். சென்னை ஆய்வுக்கூடத்தில்தான் சிந்தாமணி ரகுநாதாச்சாரி பணிபுரிந்தார். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874 டிசம்பர் 9-இல் நடந்த வெள்ளி இடைநகர்வு பற்றி நம் மக்கள் மிரளாமல் புரிந்துகொள்ளச் சிறுநூல் எழுதினார். 2004 ஜூன் 8 அன்று பள்ளி மைதானத்தில் அட்டையில் ஊசித்துளை போட்டு, வெயிலில் உங்களை வரிசையில் நிறுத்தினேனே, அதே நிகழ்வு. 1899-இல் வானாய்வுப் பணி கோடைக்கானலுக்குப் போனது. பின்னர் வைணு பாப்பு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1986-இல் அங்கே திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒரு வீட்டு வானாய்வுக் கூடம். பெட்ரி தம் கருவிகளை மூட்டை கட்டி எடுத்துப் போயிருந்தால்?

இதைத்தான் சில மாதங்களாக யோசிக்கிறேன். பிள்ளைகள் வெளியூரில். எனக்குப் பிறகு இந்த வீடு கைமாறும். புதிதாக வருபவர் டோமைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுவார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆகவே, தொலைநோக்கியும் டோமும் நம் ஊர் அரசுப் பள்ளி ஒன்றுக்குப் போக வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டேன். பிள்ளைகளும் சம்மதித்தார்கள்.

பொருளைக் கொடுத்துவிடலாம். பழுது பார்க்கத் தெரிந்த கை வேண்டுமே! உங்களில் ஊரிலேயே இருப்பவர் இரண்டு பேர் சனிக்கிழமை இரவுகளில் வாருங்கள். வளையத்தை எப்படி அளப்பது, கொக்கியை எப்படிக் கட்டுவது, எல்லாம் காட்டித் தருகிறேன். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். பலகையில் தாராளமாக நடக்கலாம். தூணில் மட்டும் சாயாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
குறிஞ்சிப்பாடி