விண்கலம் கண்ணுக்கு முன்னாடி பறக்குது, காது ஏன் நம்ப மாட்டேங்குது?

1) விஆர் ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு விண்கலம் ஓட்டுற கேம் ஆடுறவங்க இப்போ நம்ம ஊர்லயும் நிறைய பேர் இருக்காங்க. அவங்கள்ல பலர் என்கிட்ட கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "டாக்டர், பத்து நிமிஷத்துலயே வியர்த்துக் கொட்டுது, குமட்டுது. கூட ஆடுற பசங்களுக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் வீக்கா?"

இல்லீங்க. உங்க உள்காது ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம். இந்த ஒரு வரிக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கு. த்ரெட் கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

2) முதல்ல உடற்கூறு. காது கேட்பதற்கு மட்டுமான உறுப்பு கிடையாது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்குள் இருக்கும் திரவம் அசைந்து மூளைக்குச் செய்தி போகும். அதன் அருகிலேயே இரண்டு சிறு பைகள். அவற்றின் மேல் பொடிப்பொடியான சுண்ணாம்புத் துகள்கள். புவியீர்ப்பு எந்தப் பக்கம், வண்டி வேகம் எடுக்கிறதா, பிரேக் அடிக்கிறதா என்று சொல்பவை இவை.

கண் ஒன்றைச் சொல்லி, காது வேறொன்றைச் சொன்னால் மூளை குழம்பும். அந்தக் குழப்பம்தான் குமட்டலாக வெளியே வருகிறது.

3) மலைப்பாதை பஸ்ஸில் புத்தகம் படித்துக்கொண்டே போகிறவருக்கு வாந்தி வரும். டிரைவருக்கு வராது. கவனிச்சிருக்கீங்களா? படிப்பவரின் கண் "அசையல" என்கிறது, காது "வளையுது" என்கிறது. டிரைவருக்கோ அடுத்த வளைவு எங்கே என்று முன்னாடியே தெரியும்.

விஆர் கேமில் இது அப்படியே தலைகீழ். கண் "பல்டி அடிக்கிறோம்" என்கிறது. காதோ "எங்கப்பா? நாற்காலியில சும்மாதானே உக்காந்திருக்கோம்" என்கிறது.

4) இந்த முரண்பாட்டுக் கருத்து இன்று நேற்று வந்தது அல்ல. 1881லேயே ஜே.ஏ. இர்வின் என்ற மருத்துவர் லான்செட் இதழில் கடல் பயணக் குமட்டல் பற்றி எழுதும்போது, புலன்கள் தரும் செய்திகள் ஒத்துப்போகாததுதான் சிக்கல் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வருடமே அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஒரு விசித்திரமான விஷயத்தைப் பதிவு செய்தார். காது கேளாதவர்களைச் சுற்றிவிட்டுப் பார்த்தால், அவர்களில் ஒரு கணிசமான பகுதியினருக்குத் தலைசுற்றலே வரவில்லை. இதை ஞாபகத்துல வெச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

5) இப்போ பொய்யான காக்பிட்டின் கதைக்கு வருவோம். அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் என்று ஒருவர். அப்பாவுக்குப் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை. ஆர்கனில் காற்று ஊதும் துருத்திகளை எடுத்து, ஒரு குட்டி விமானப் பெட்டிக்கு அடியில் பொருத்தினார். ஸ்டிக்கை அசைத்தால் பெட்டி சாயும், திரும்பும். 1929ல் தயாரான இந்த லிங்க் டிரெய்னரை ஆரம்பத்தில் வாங்கியவை பெரும்பாலும் பொழுதுபோக்குப் பூங்காக்கள். விமானப்படை கண்டுகொள்ளவில்லை.

6) 1934 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவ விமானிகளிடம் தபால் கொண்டுபோகும் வேலை ஒப்படைக்கப்பட்டது. குளிர்காலம், மேகம், இருட்டு. சில வாரங்களுக்குள் சுமார் ஒரு டஜன் விமானிகள் இறந்தார்கள்.

மேகத்துக்குள் அடிவானம் தெரியாது. அப்போது உள்காது "நேராத்தான் போறோம்" என்று சொல்லும், விமானமோ சாய்ந்துகொண்டே தரையை நோக்கி இறங்கும். காதை நம்பாமல் கருவிகளை நம்பப் பழக்க வேண்டும். அதற்கு லிங்க்கின் பெட்டி தேவைப்பட்டது. ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அதில்தான் பழகினார்கள்.

7) லிங்க் பெட்டிக்கு மூடி உண்டு. உள்ளே இருப்பவருக்கு வெளிக்காட்சியே கிடையாது, கருவிகள் மட்டும்தான். அதனால் கண்ணுக்கும் காதுக்கும் பெரிய சண்டை வரவில்லை. வெளிக்காட்சியைக் காட்ட ஆரம்பித்ததும் வந்தது வினை.

1957ல் அமெரிக்கக் கடற்படைக்கான ஒரு ஹெலிகாப்டர் சிமுலேட்டர். சுற்றிலும் அகலத் திரையில் தரைக்காட்சி. கருத்துக் கேட்கப்பட்ட 36 பேரில் 28 பேர் உடம்புக்கு முடியவில்லை என்றார்கள்.

8) இதில் எனக்கு மிகப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அதிகம் அவதிப்பட்டவர்கள் புதிதாகப் பழக வந்த மாணவர்கள் இல்லை. அனுபவம் வாய்ந்த பயிற்றுநர்கள்!

ஏன்? நிஜ ஹெலிகாப்டர் சாய்ந்தால் உடம்பு எப்படி உணரும் என்பது அவர்கள் மூளையில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. திரை சாய்கிறது, ஆனால் எதிர்பார்த்த அந்த உணர்வு வரவில்லை. அனுபவம் கூடக் கூட முரண்பாடும் கூடுகிறது. "நான் வீக்கா?" என்று கேட்டவர்களுக்கு இதுதான் முதல் பதில்.

9) சரி, நிஜமாவே விண்வெளிக்குப் போனா என்னாகும்?

1961 ஆகஸ்ட் 6. சோவியத் விண்வெளி வீரர் கெர்மன் டிட்டோவ், வயது 25. வோஸ்டாக் 2 கலத்தில் ஒரு நாளுக்கும் மேலாகப் பூமியை 17 முறை சுற்றினார். விண்வெளியில் குமட்டல், வாந்தியால் அவதிப்பட்ட முதல் மனிதர் இவர்தான். தலையை அசைத்தால் இன்னும் மோசமானது.

எடையில்லாத நிலையில் உள்காதின் சுண்ணாம்புத் துகள்களுக்கு "கீழே" என்பதே கிடையாது. கண் ஒரு திசையைக் காட்ட, காது கைவிரித்துவிடும்.

10) 1969ல் அப்பல்லோ 9. ரஸ்டி ஷ்வைக்கார்ட் வாந்தி எடுத்ததால் அவருடைய விண்நடையைச் சுருக்க வேண்டியதாயிற்று. விண்நடையின்போது ஹெல்மெட்டுக்குள் வாந்தி எடுத்தால் மூச்சடைத்து உயிரே போகலாம். இத்தனைக்கும் இவர்கள் எல்லாம் சலித்துச் சலித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்கள். விண்வெளிக்குப் போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் சில நாட்களில் இது வருகிறது. தைரியத்துக்கும் குமட்டலுக்கும் சம்பந்தமே இல்லை.

11) அப்படின்னா குமட்டலே வராத மனுஷன் இருக்கானா? இருக்கிறார்கள். வில்லியம் ஜேம்ஸை ஞாபகம் இருக்கா?

1950களின் இறுதியில், அமெரிக்கக் கடற்படையின் பென்சகோலா ஆய்வுக்கூடம் வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லாடெட் கல்லூரியிலிருந்து 11 ஆண்களைத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் 10 பேருக்குச் சிறு வயதில் வந்த மூளை உறைக் காய்ச்சல் கேட்கும் திறனைப் பறித்திருந்தது. அதோடு சமநிலை உறுப்பையும் அழித்திருந்தது.

12) சுமார் பத்து வருடங்கள் இவர்கள் மேல் சோதனைகள் நடந்தன. நால்வர் நிமிடத்துக்குப் பத்து முறை சுற்றும் ஓர் அறைக்குள் 12 நாட்கள் வாழ்ந்தார்கள். எடையின்மையை உண்டாக்கும் விமானங்களில் பறந்தார்கள்.

ஒருமுறை கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில், கொந்தளிப்பில் படகுப் பயணம். இந்த ஆட்கள் ஜாலியாகச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். சோதனை செய்ய வந்த விஞ்ஞானிகளோ வாந்தி எடுத்தே சுருண்டுபோனார்கள். சோதனையையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று!

13) சிரிச்சுட்டீங்களா? இப்போ கொஞ்சம் யோசிங்க. குமட்டல் வருவதற்கு உள்காது தேவை என்பதை மருத்துவத்துக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியவர்கள் இந்த 11 பேர். ஆனால் விண்வெளி வீரர் ஆகும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடையாது. காது கேளாமை ஒன்றே தகுதியிழப்பு. விண்வெளிக்குப் போனவர்களின் பெயர் பாடப்புத்தகத்தில் வந்தது. சுற்றும் அறைக்குள் 12 நாள் கிடந்தவர்களின் கதை வெளியே தெரியவே பல பத்தாண்டுகள் ஆயிற்று.

14) இனி ஹெட்செட். 1968ல் ஹார்வர்டில் ஐவன் சதர்லேண்ட் தலையில் மாட்டும் திரை ஒன்றைச் செய்தார். கனம் தாங்காமல் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். தெரிந்ததெல்லாம் வெறும் கோட்டுருவங்கள். ஆனால் தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பியது.

1980களில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் மைக்கேல் மெக்கிரீவி குழு, மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டில் பாக்கெட் டிவியின் எல்சிடி திரைகளைப் பொருத்தி மலிவாக ஒன்றைச் செய்தது. 1993 டிசம்பரில் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கக் கிளம்பும் முன், அந்தப் பணிக்குழுவினர் விஆரில் பயிற்சி எடுத்தார்கள்.

15) கேம் பக்கம் பார்த்தால், விண்கலம்தான் கணினி விளையாட்டின் மூத்த பிள்ளை. 1962ல் எம்ஐடி மாணவர்கள் செய்த ஸ்பேஸ்வாரில் இரண்டு விண்கலங்கள் சண்டை போட்டன. 1984ல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் எலீட் கேமை உருவாக்கினார்கள். 32 கேபி நினைவகம் உள்ள பிபிசி மைக்ரோ கணினியில் எட்டு விண்மீன் மண்டலங்கள்!

வீட்டுக்கு விஆர் கொண்டுவரும் ஆரம்ப முயற்சிகள் ஊத்திக்கொண்டன. சேகா 1990களில் அறிவித்த ஹெட்செட் கடைக்கே வரவில்லை. 1995ல் வந்த நிண்டெண்டோவின் விர்ச்சுவல் பாய் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை.

16) 2012ல் பால்மர் லக்கி என்ற இளைஞர் ஆக்குலஸ் ரிஃப்ட்டுக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 24 லட்சம் டாலர் சேர்ந்தது. முதல் மாதிரியில் தலையைத் திருப்பினால் காட்சி திரும்பும், ஆனால் முன்னால் குனிந்தால் காட்சி அசையாது. காது சும்மா விடுமா? பலருக்கும் குமட்டியது. 2014ன் இரண்டாவது மாதிரி, கேமரா வைத்துக் குனிவதையும் கண்டுபிடித்தது. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிப்பதிலிருந்து 75க்கு வந்தது. 2016ல் கடைக்கு வந்த ரிஃப்ட்டில் 90. பொறியாளர்கள் துரத்தியது அழகான படத்தை மட்டுமில்லீங்க, உள்காதின் சம்மதத்தையும்தான்.

17) 2014 டிசம்பரில் அதே பிரேபனின் நிறுவனம் எலீட் டேஞ்சரஸை வெளியிட்டது. நம் பால்வெளியின் சுமார் 40,000 கோடி நட்சத்திரங்களும் அதில் உண்டு. ஹெட்செட்டில் நிறைய பேர் நீண்ட நேரம் ஆட முடிந்த கேம்களில் இதுவும் ஒன்று. காரணம் என்ன தெரியுமா? நாற்காலி!

நீங்கள் நிஜத்திலும் உட்கார்ந்திருக்கிறீர்கள், கேமிலும் உட்கார்ந்திருக்கிறீர்கள். சுற்றிலும் அசையாத காக்பிட் சட்டம். மூளைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நிலையான இடம் கிடைக்கிறது. கண்ணாடிக்கு வெளியே நட்சத்திரங்கள் வெகுதூரத்தில் இருப்பதால் கண்ணோரத்தில் எதுவும் சரசரவென்று ஓடுவதில்லை.

18) அதே கேமில் கோள்மீது இறங்கி, குதித்துக் குதித்து ஓடும் வண்டியை ஓட்டிப் பாருங்கள். பலருக்கு வயிறு புரளும். அதற்காகவே பார்வையை அடிவானத்தோடு நேராக நிறுத்தும் வசதி வைத்திருக்கிறார்கள். 2021ல் வந்த ஒடிஸி விரிவாக்கத்தில் கலத்தை விட்டு இறங்கி நடக்கலாம். ஆனால் நடக்கும்போது ஹெட்செட்டுக்குள் முழு விஆர் கிடையாது, ஒரு தட்டைத் திரைதான் தெரியும்.

உட்கார்ந்தால் பால்வெளி முழுக்கச் சுற்றலாம். எழுந்து நாலு அடி நடப்பதுதான் கஷ்டம்!

19) மூளை குழம்பினால் ஏன் வாந்தி? தலைவலியோ கொட்டாவியோ வந்தால் போதாதா? 1977ல் மைக்கேல் டிரீஸ்மன் ஒரு விளக்கம் தந்தார். பல நச்சுகள் கண்ணுக்கும் காதுக்கும் உள்ள ஒத்திசைவைக் கெடுக்கும். அதனால் அந்த ஒத்திசைவு கெட்டாலே "ஏதோ விஷத்தைத் தின்னுட்டான், வெளியே தள்ளு" என்று மூளை முடிவெடுக்கிறது என்றார். இது கருதுகோள்தான், எல்லோரும் ஏற்றதில்லை. ஆனால் உண்மையாக இருந்தால், நம் மூளை கேமை விஷம் என்று நினைத்து நம்மைக் காப்பாற்றப் பார்க்கிறது. பாவம், நல்ல எண்ணம்தான்!

20) சரி டாக்டர், நாங்க என்ன செய்யணும்?

• காக்பிட்டில் உட்கார்ந்து ஆடும் கேம்களில் ஆரம்பியுங்கள். நடந்து ஓடும் கேம்கள் பிறகு.
• முதல் வாரம் 10 நிமிடம் போதும். மெதுவாகக் கூட்டுங்கள். மூளை பழகிக்கொள்ளும்.
• வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், லேசான குமட்டல் வந்த உடனே கழட்டிவிடுங்கள். "சமாளிச்சிடலாம்" என்று தொடர்ந்தால், அடுத்த முறை ஹெட்செட்டைப் பார்த்தாலே குமட்டும்.
• ஆடி முடித்ததும் பைக் சாவியை எடுக்காதீர்கள். சிமுலேட்டரில் இருந்து இறங்கிய விமானிகளை உடனே பறக்க விடாத விதி சில ராணுவப் பிரிவுகளில் உண்டு. அவர்களுக்கே அப்படி என்றால் நமக்கு?
• பஸ் பயண வாந்தி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆடாதீர்கள். கேமுக்காக மாத்திரை தேவையில்லை.
• வலிப்பு நோய் உள்ளவர்கள், அடிக்கடி தலைசுற்றல் வருபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாட்டவேண்டாம். பெட்டியில் போட்டிருக்கும் வயது வரம்பைப் பெற்றோர் மதிக்க வேண்டும்.

21) கடைசியா ஒண்ணு. ஹெட்செட் கழட்டிய பிறகும் நாள்கணக்கில் தலை சுற்றினாலோ, காது மந்தமானாலோ, காதுக்குள் இரைச்சல் கேட்டாலோ கேம் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்காதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

ஆடும்போது மட்டும் வந்து, கழட்டியதும் போய்விடும் குமட்டல் என்றால் வெட்கப்பட எதுவுமில்லை. கல்லாடெட்டின் அந்த 10 பேர் மூளை உறைக் காய்ச்சலில் இழந்த ஓர் உறுப்பு உங்களிடம் பத்திரமாக இருக்கிறது. குழந்தைகளுக்கு அந்தக் காய்ச்சல் வராமல் தடுக்க இன்று தடுப்பூசிகளும் இருக்கின்றன, போட மறக்காதீங்க.

யாராவது "நான்தான் வீக்"னு நினைச்சுக்கிட்டு இருந்தா அவங்களுக்கு இதை அனுப்புங்க.