மோரிஸின் அச்சுப்பொறியில் பிறந்த புத்தகம்

விம்பிள்டனுக்குக் கிழக்கே, நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், வாண்டில் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் மெர்ட்டன் ஆபி என்ற இடத்தில் 1881-ல் ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் சாயப் பட்டறை தொடங்கினார். இரசாயனச் சாயங்கள் ஐரோப்பிய நெசவையே மூழ்கடித்திருந்த காலம் அது. மோரிஸ் அவுரித் தொட்டிகளைத் தரையில் பதித்தார். துணி முழுவதையும் அவுரியில் முக்கி நீலமாக்கி, மர அச்சால் வெளுப்பானை ஒற்றி வேண்டிய இடத்தில் நீலத்தை எடுத்துவிட்டு, அங்கே சிவப்பும் மஞ்சளும் ஏற்றும் பழைய முறைக்கு அந்தப் பட்டறையில் உயிர் கொடுத்தார். ஸ்ட்ராபெரிப் பழத்தைக் களவாடும் பறவைகளின் துணி, 1883-ல் அப்படி வந்ததுதான்.

அவுரியும் மர அச்சும் நம் சோழமண்டலக் கரைக்குப் புதியவை அல்ல. மோரிஸும் அதை அறிந்தவர். ஆங்கிலேய வணிகம் இந்தியக் கைவினைகளை அழிக்கிறது என்று 1879-லேயே மேடையில் பேசியவர். வாழ்வின் கடைசி ஆண்டுகளில் அவர் அச்சுத் தொழிலுக்கும் வந்தார். 1891-ல் தொடங்கிய கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில், கையால் இயக்கும் பொறியில், பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் கவிதைத் தொகுப்பை 1896-ல் அச்சிட்டு முடித்தார். அதே ஆண்டு அக்டோபரில் இறந்தும் போனார். அச்சுப்பொறிகளைக் கட்டடக் கலைஞர் சி. ஆர். ஆஷ்பி வாங்கினார். அவருடைய கைவினைஞர் சங்கம் 1902-ல் கிழக்கு இலண்டனை விட்டு சிப்பிங் காம்ப்டன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தபோது பொறிகளும் கூடவே போயின.

அங்கேதான் ஒரு தமிழர் வருகிறார்.

ஆனந்த குமாரசுவாமி 1877-ல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, தாய் இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த எலிசபெத் பீபி. பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் அவருக்கு அத்தை மகன்கள். இரண்டு வயது நிரம்புவதற்குள் தந்தை இறந்துவிட, இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் படித்தார். 1903-ல் இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைவரானார். தோரியனைட் என்ற கனிமத்தை உலகுக்குக் காட்டியவர் அவர்தான்.

கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களுக்குள் போனவரின் கண்ணில் வேறொன்று பட்டது. 1815-ல் கண்டி அரசு வீழ்ந்ததோடு, அரசனின் நான்கு பட்டறைகளில் மானியம் பெற்று வேலை செய்த சிற்பிகளும் தட்டார்களும் ஓவியர்களும் ஆதரவு இழந்தார்கள். நூறு ஆண்டுகள் நெருங்கும் வேளையில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் சிலர் இன்னும் தொழிலைக் கைவிடாமல் இருந்தார்கள். ஆனால் விகாரைகளிலும் வீடுகளிலும் மலிவான ஐரோப்பிய அச்சுப் படங்கள் நுழைந்துகொண்டிருந்தன. பழைய சுவர்கள் உரியவர்களின் அனுமதியோடே வெள்ளையடிக்கப்பட்டன. குமாரசுவாமி கண்டித் தலைவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை உருவாக்கினார். பிறகு, குறிப்பேட்டையும் மனைவி எதெலின் நிழற்படக் கருவியையும் துணைகொண்டு, அந்தக் கைகளுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பதிவு செய்யத் தொடங்கினார்.

1907-ல் இங்கிலாந்து திரும்பிய இருவரும் சிப்பிங் காம்ப்டனுக்கு அருகே பிராட் காம்ப்டனில், ஆஷ்பி புதுப்பித்துக் கொடுத்த நோர்மன் சாப்பல் என்ற பழைய கட்டடத்தில் குடியேறினார்கள். ஆஷ்பியின் சங்கம் நொடித்துக்கொண்டிருந்த நேரம். மோரிஸின் அச்சுப்பொறி குமாரசுவாமியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 1907 செப்டம்பரில் முதல் தாள் ஏறியது. 1908 டிசம்பரில் வேலை முடிந்தது. மொத்தம் 425 பிரதிகள். புத்தகத்தின் பெயர் ‘இடைக்காலச் சிங்களக் கலை’. சாசர் அச்சான அதே பொறியில் இது அச்சானது என்று புத்தகமே சொல்கிறது.

அதைப் புரட்டுகிறவர் முதலில் எதிர்கொள்வது ஓவியத்தை அல்ல, ஓவியரை. அவர் என்ன வரி கட்டினார், எந்த நிலத்துக்கு ஈடாக எந்த வேலை செய்தார், மகனுக்கு முதல் பாடமாக எந்தக் கோட்டை வரையச் சொல்லிக் கொடுத்தார் என்று நூல் போகிறது. வண்ணத்தை எதிலிருந்து எடுத்தார்கள், தூரிகையை எப்படிக் கட்டினார்கள் என்று சொல்கிறது. புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை விரிவாக விவரிக்கிறது. சிற்பிகள் மனப்பாடமாக வைத்திருந்த சாரிபுத்திரம் என்ற வடமொழி அளவு நூலுக்கு மொழிபெயர்ப்புத் தருகிறது. கண்டிக்கு அருகே தெகல்தொருவை குகை விகாரையில் 18-ஆம் நூற்றாண்டில் தேவரகம்பொல சில்வத்தென்ன என்ற துறவியும் அவரோடு இருந்தவர்களும் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. அவற்றைக் காலனிய அதிகாரிகள் பழமையின் விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். குமாரசுவாமி அங்கே ஒரு முழுமையான கல்வி முறையைக் கண்டார். அந்தப் பார்வைதான் புத்தகத்தின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

இங்கே பிலிப்பைன்ஸை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1884-ல் மாட்ரிட் கண்காட்சியில் அந்நாட்டு ஓவியர் ஹுவான் லூனாவின் ‘ஸ்போலியாரியம்’ தங்கப் பதக்கம் பெற்றது. உரோமாபுரி அரங்கில் மாண்ட வீரர்களின் உடல்களை இழுத்துச் செல்லும் மாபெரும் ஓவியம் அது. அதே நாட்டவரான பெலிக்ஸ் ஹிடால்கோவுக்கு வெள்ளி கிடைத்தது. இருவரையும் பாராட்டிய விருந்தில் அவர்களுடைய நாட்டவரான ஹோசே ரிசால் ஆற்றிய உரையில் ஒரு தேசத்தின் குரல் முதன்முறையாக உரக்கக் கேட்டது. தங்களை ஆண்ட ஸ்பானியர்களின் பாணியிலேயே தீட்டி, அவர்களுடைய ஊரிலேயே வென்று, நாங்கள் உங்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர் என்று நிறுவிய வழி அது. அந்தத் துணிச்சலை நான் வணங்குகிறேன். குமாரசுவாமி போன வழி வேறு. யாரோடும் போட்டியிட்டு நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லை என்றார். பதக்கத்தைப் பற்றிக் கேள்விப்படாத கிராமத்து ஓவியரின் அறிவே தேசத்தின் அடையாளம் என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கிடைத்த கருவியும் துணையும், ஆளும் நாட்டுக்குள்ளேயே அதன் தொழிற்சாலைகளை எதிர்த்துநின்ற ஒரு மனிதரிடமிருந்து வந்தவை.

ஒரு தமிழர் சிங்களக் கலைக்கு இந்த நூலை எழுதினார் என்பதை இன்றைய இலங்கையில் இரு பக்கத்தாரும் அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் பதிவு செய்த கண்டியின் கடைசி அரசர்கள் நாயக்கர் வழியினர். மதுரையிலிருந்து பெண்ணெடுத்த குடும்பம். தெகல்தொருவையைத் தீட்டச் செய்த கீர்த்தி சிறீ இராஜசிங்கனும் அந்த வழியில் வந்தவரே. தூய்மை பேசுகிறவர்களுக்கு அந்தச் சுவர்கள் இடம் தருவதில்லை.

பின்னால் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1943-ல் கொழும்பில் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல முதலிய கலைஞர்கள் ‘43 குழு’வை அமைத்தபோது, மேற்கின் நவீனமும் தீவின் பழைய கோடும் ஒரே சட்டத்துக்குள் வந்தன. யாழ்ப்பாணத்து ஓவிய ஆசிரியர்களுக்கு வழிகாட்டிய எஸ். ஆர். கனகசபையும் அந்தக் குழுவில் இருந்தார்.

இதற்கெல்லாம் முன்பே குமாரசுவாமி இந்தியாவுக்குப் போய்த் தான் சேர்த்த ஓவியங்களையும் சிற்பங்களையும் ஒரு தேசிய அருங்காட்சியகத்துக்காகக் கொடுக்க முன்வந்தார். கட்டடம் எழுப்ப யாரும் முன்வரவில்லை. 1917-ல் சேகரிப்போடு பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனார். 1947-ல், இந்தியா விடுதலை பெற்ற சில வாரங்களில், அமெரிக்காவிலேயே இறந்தார். 425 பிரதிகளோடு நின்றிருந்த புத்தகம் 1956-ல் நியூயார்க்கில் மறுபதிப்புக் கண்டது.