நேர் இணைப்பின் நாதம்: பேஸ் கிட்டார் ஒலிப்பதிவில் டி.ஐ. பெட்டி வந்த வழி

1967 பிப்ரவரி 1 அன்று, லண்டன் ஆபி ரோட்டில் இருந்த இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில் பீட்டில்ஸ் குழு ‘சார்ஜென்ட் பெப்பர்’ இசைத்தொகுப்பின் தலைப்புப் பாடலைப் பதிவு செய்யத் தொடங்கியது. அந்தப் பாட்டின் பேஸ் கிட்டார், வழக்கம்போல ஆம்ப்ளிஃபயர் முன் நிறுத்திய மைக் வழியாகப் போகவில்லை. கூடத்தின் பொறியாளர் கென் டவுன்சென்ட் அமைத்த ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியின் வழியாக நேரே ஒலிக்கலவைக் கன்சோலுக்குப் போனது. உலகிலேயே இப்படிச் செய்தது இதுவே முதல் முறையாக இருக்கும் என்ற கருத்து பீட்டில்ஸ் பற்றிய எழுத்துகளில் நெடுநாள் நிலைத்திருந்தது.

அது சரியல்ல. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த முறை அன்றாட வேலையாகிவிட்டிருந்தது. யார் முதலில் செய்தார் என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. மைக் இல்லாமல், அறையின் காற்று இல்லாமல், கம்பி வழியாக மட்டுமே வந்த ஓர் ஒலி எப்படி அவ்வளவு உயிரோடு இருந்தது?

டெட்ராய்ட்டில் வெஸ்ட் கிராண்ட் புலிவார்ட் 2648ஆம் எண் வீட்டை பெர்ரி கார்டி 1959இல் வாங்கினார். முன்பு புகைப்பட நிலையமாக இருந்த அந்த வீட்டின் பின்பகுதி, அவருடைய மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ‘ஸ்டுடியோ ஏ’ ஆயிற்று. கூரையிலிருந்து தொங்கிய கேபிள்களைப் பார்த்து இசைக்கலைஞர்கள் அதைப் பாம்புக்குழி என்றே அழைத்தார்கள். டிரம்ஸ், பியானோ, இரண்டு மூன்று கிட்டார்கள், தாள வாத்தியங்கள், பேஸ் எல்லாம் அந்தச் சின்ன அறைக்குள் ஒரே நேரத்தில் வாசித்தன. ஆளுக்கோர் ஆம்ப்ளிஃபயரை முடுக்கினால் எல்லா மைக்கிலும் எல்லா ஒலியும் கசியும். பிறகு பேஸை மட்டும் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

தலைமைப் பொறியாளர் மைக் மெக்லீன் இதற்குக் கண்ட வழி எளிமையானது. கிட்டார்களையும் பேஸையும் நேரே கன்சோலில் இணைத்தார். வாசிப்பவர்கள் தங்கள் ஒலியைக் கேட்க, அறையில் ஒரு பொது ஸ்பீக்கர் போதுமானதாக இருந்தது. மோட்டவுனில் பணியாற்றிய எட் வொல்ஃப்ரம், டிரயாட் நிறுவன டிரான்ஸ்ஃபார்மரை வைத்து உருவாக்கிய டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்‌ஷன், அதாவது நேர் இணைப்பு) பெட்டி பின்னாளில் ‘வொல்ஃப்பாக்ஸ்’ என்று பெயர் பெற்றது.

இந்தப் பெட்டி செய்யும் வேலையை அறியாமல் இந்த வரலாறு புரியாது. தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் பேஸ் கிட்டாரின் பிக்கப், காந்தத்தைச் சுற்றிய ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய கம்பி. அதன் மின்தடையே பல கிலோ ஓம். சுருளின் இண்டக்டன்ஸால் அதிர்வெண் உயர உயர இம்பீடன்ஸும் (மாறுமின்னோட்டத்துக்கான மொத்த எதிர்ப்பும்) ஏறுகிறது. கன்சோலின் மைக் இணைப்போ பொதுவாக 1.5 முதல் 2 கிலோ ஓம் அளவிலானது. இரண்டையும் அப்படியே சேர்த்தால் பிக்கப்பின் மேல் பெரும் சுமை விழும். உச்ச அதிர்வெண்கள் செத்து, நாதம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். 12க்கு 1 என்ற சுற்று விகிதமுள்ள டிரான்ஸ்ஃபார்மரை நடுவில் வைத்தால் இம்பீடன்ஸ் 144 மடங்காகப் பெருகும். 1.5 கிலோ ஓம் கன்சோல், கிட்டாரின் பார்வையில் 216 கிலோ ஓமாகத் தெரியும். பிக்கப் மூச்சு விடும். நீளமான கேபிளில் இரைச்சல் ஏறாது. இரு பக்கத்துக்கும் நேர் மின்தொடர்பு இல்லாததால் மின்சார ரீங்காரமும் அடங்கும்.

ஆனால் பெட்டி நல்ல ஒலியைக் கெடுக்காமல் கொண்டுபோகும், அவ்வளவுதான். ஒலி பிறந்தது ஜேம்ஸ் ஜேமர்சனின் கையில். மோட்டவுனின் 1960களின் வெற்றிப் பாடல்களில் மிகப் பலவற்றுக்கு அடித்தளம் அமைத்தவர் அவர். அவருடைய கருவி 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். அதில் தட்டையான உறை சுற்றிய கனத்த லா பெல்லா தந்திகள்; அறுந்தால் தவிர மாற்றமாட்டார் என்பது அவரை அறிந்தவர்கள் சொல்லும் செய்தி. பிரிட்ஜின் உலோக மூடிக்கு அடியில் ஒரு துண்டு நுரைப்பஞ்சு. தந்திகள் விரற்பலகையிலிருந்து உயரமாக நின்றன. வலக்கையில் சுட்டுவிரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார். சக கலைஞர்கள் அந்த விரலைக் கொக்கி என்றார்கள்.

இவை ஒவ்வொன்றும் நேர் இணைப்புக்கு ஏற்றபடி அமைந்தன. பேஸ் ஸ்பீக்கர் பெட்டி ஏறத்தாழ 4,000, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் ஒலிப்பதில்லை; விரல் உரசலையும் தந்தி ஃபிரெட்டில் மோதும் சத்தத்தையும் அதுவே வடிகட்டிவிடும். டி.ஐ. பெட்டியில் அந்த வடிகட்டி இல்லை. பழைய தட்டைத் தந்தியும் நுரைப்பஞ்சும் அந்த வேலையைக் கருவியிலேயே முடித்துவிட்டன. உயர்ந்த தந்தியும் அழுத்தமான ஒற்றை விரலும் ஒவ்வொரு சுரத்துக்கும் கனத்த தொடக்கம் கொடுத்தன. நுரைப்பஞ்சு அதன் வாலை நறுக்கியது. அடுத்த சுரம் வருவதற்குள் முந்தையது விலகி வழிவிட்டது. ஜேமர்சன் அத்தனை நெருக்கமான, வளைந்தோடும் வரிகளை வாசித்தும் பாட்டு குழம்பாததற்கு இதுவே காரணம் என்று கொள்ளலாம்.

‘பெர்னடெட்’, ‘எய்ன்ட் நோ மவுன்டன் ஹை இனஃப்’ ஆகிய 1967ஆம் ஆண்டுப் பாடல்களின் பேஸ் தடத்தை மட்டும் பிரித்துக் கேட்டால் இன்னொன்று புலப்படும். அழுத்தி மீட்டும் இடங்களில் மெல்லிய கரகரப்பு. வால்வு சுற்றுகளும் டேப்பும் தம் எல்லையைத் தொட்டதன் தடம் அது. பேஸின் கீழ் ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். அன்றைய கார் ரேடியோவின் சிறிய ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது. கரகரப்பு 82, 123, 164 ஹெர்ட்ஸ் என மேல் இசையங்களை வலுப்படுத்துகிறது. காது அவற்றிலிருந்து அடிச்சுரத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. மோட்டவுன் தன் பாடல்களைச் சின்ன ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டுச் சோதித்த நிறுவனம். பழுதற்ற தூய ஒலி அங்கே தோற்றிருக்கும்.

இவ்வளவு செய்த கலைஞரின் பெயர் அந்த ஆண்டுகளின் இசைத்தட்டுகளில் அச்சாகவில்லை என்பது இந்த வரலாற்றின் பெரிய அநீதி. 1971இல் வந்த மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ உறையில்தான் ஜேமர்சனுக்கு உரிய இடம் கிடைத்தது.

லண்டனில் கதை வேறு திசையில் போயிற்று. அமெரிக்கத் தட்டுகளில் கேட்ட பேஸ் தங்களுக்கும் வேண்டும் என்று பீட்டில்ஸ் கேட்டார்கள். தட்டு வெட்டும்போது பேஸ் மிகுந்தால் ஊசி தாவிவிடும் என்று இ.எம்.ஐ. அஞ்சியது. 1966இல் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பதிவில் ஒரு ஸ்பீக்கரையே மைக்காக மாற்றிப் பேஸ் ஸ்பீக்கர் பெட்டியின் முன் நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு டி.ஐ. வந்தது. ஆனாலும் பொறியாளர் ஜெஃப் எமரிக்குக்கு அதில் மனம் நிறையவில்லை. ‘சார்ஜென்ட் பெப்பர்’ பாடல்கள் பலவற்றில் பேஸைக் கடைசியாகத் தனித் தடத்தில் எடுத்தார். ஆம்ப்ளிஃபயரை அறையின் நடுவே வைத்து, சில அடி தள்ளி ஏ.கே.ஜி. சி12 மைக்கை நிறுத்தினார். பெரிய கூடமும் நள்ளிரவு அமைதியும் இருந்தவருக்கு அது சாத்தியம். மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் கூடத்தில் டொனால்ட் ‘டக்’ டன் வாசித்த பேஸும் ஆம்ப்ளிஃபயர் வழியாக வந்து புகழ்பெற்றதுதான். மோட்டவுனின் தேர்வுக்குப் பின்னால் இருந்தது கொள்கை அன்று, நெரிசலான அறை.

1960களின் பிற்பகுதியில் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தின் உருண்டை உறைத் தந்திகள் வந்ததும் நேர் இணைப்பின் தன்மையே மாறியது. பியானோவைப் போல உலோகம் ஒலிக்கும் தந்தி, டி.ஐ. வழியே தன் ஒளி முழுவதையும் காட்டியது; கூடவே ஒவ்வொரு உரசலையும் காட்டியது. 1969இல் கிப்சன், குறைந்த இம்பீடன்ஸ் பிக்கப் கொண்ட லெஸ் பால் பேஸை வெளியிட்டது. 1976இல் லியோ ஃபெண்டரின் புதிய நிறுவனமான மியூசிக் மேன், கருவிக்குள்ளேயே ப்ரீஆம்ப் பொருத்திய ஸ்டிங்ரே பேஸைக் கொண்டுவந்தது. பெட்டியின் வேலையில் பாதி கிட்டாருக்குள் போயிற்று. பேட்டரியில் இயங்கி, இம்பீடன்ஸை மெகா ஓம் அளவுக்கு உயர்த்தும் டி.ஐ. பெட்டிகளும் பரவின.

1990களில் ஜான் குனிபெர்ட்டி ‘ரீஆம்ப்’ என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். டி.ஐ. பெட்டி செய்வதை அது தலைகீழாகச் செய்தது: பதிவான நேர் ஒலியை மறுபடி கிட்டாரின் அளவுக்கு இறக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பியது. வாசிப்பு முடிந்த பிறகும் தொனியைத் தேடலாம் என்ற நிலை வந்தது. நேர் தடத்தையும் மைக் தடத்தையும் சேர்க்கும் பழக்கம் வலுப்பட, ஒரு பழைய சிக்கலும் பெரிதாயிற்று. மைக் 30 செ.மீ. தள்ளி இருந்தால் அதன் ஒலி ஏறக்குறைய 0.9 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். இரண்டையும் சமமாகக் கலந்தால் 570 ஹெர்ட்ஸ் அருகில் ஒன்றையொன்று அழிக்கும். பேஸின் வடிவம் காதுக்குத் தெளிவாகத் தெரியும் பகுதி அது. இன்று கணினித் திரையில் அலைகளை நகர்த்தி இதைச் சரிசெய்துவிடலாம். செய்யாமல் விட்டு, ஈக்வலைசரில் 500 ஹெர்ட்ஸை ஏற்றிக்கொண்டே போவோரும் உண்டு.

ஜேமர்சன் மேடையில் ஆம்பெக் பி-15 ஆம்ப்ளிஃபயர் வைத்து வாசித்தவர். அதனால் அதைப் போலச் செய்யும் மென்பொருளைத் தேடி, மோட்டவுன் தொனி கிடைக்கும் என்று நம்புவோர் பலர். அவருடைய ஸ்டுடியோ பதிவுகளில் பெரும்பாலானவற்றில் அந்த ஆம்ப்ளிஃபயரின் ஒலி இல்லவே இல்லை. தேடல் தொடங்க வேண்டிய இடம் பழைய தட்டைத் தந்தி, பிரிட்ஜ் அருகே ஒரு துண்டு நுரைப்பஞ்சு, பிக்கப்பை நெரிக்காத ஒரு டிரான்ஸ்ஃபார்மர், கன்சோலில் கொஞ்சம் மிகையான அளவு. அதற்குப் பின்னும் குறை தெரிந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது வலக்கைச் சுட்டுவிரலை.