டூகோ: தேய்த்தெடுத்த பளபளப்பின் கதை

அலமாரிக்கு என்ன அடிக்கலாம் என்று தச்சரிடம் கேட்டால் “டூகோ அடிச்சிரலாம் சார், வழவழன்னு வரும்” என்பார். ஸ்ப்ரேயில் அடிக்கும் மழமழப்பான பெயிண்டுக்கு நம்மூர்ப் பட்டறைகளில் அது பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. உண்மையில் அது டூபான்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி 1923ல் கார் பெயிண்டுக்கு வைத்த வணிகப் பெயர். வெயிலில் வெளுத்துப்போன பழைய கார்களை மெஷின் பாலிஷ் போட்டு மீட்பது எப்படி என்று தேடிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தப் பெயர் கண்ணில் பட்டது. கார் ஏன் வெளுக்கிறது, தேய்த்தால் ஏன் திரும்ப மின்னுகிறது, எத்தனை தடவை தேய்க்கலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடினால் அந்த 1920களுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

ஆரம்பகாலக் கார்களுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் குதிரை வண்டிக்கு அடித்துக்கொண்டிருந்தவர்கள்தான். ஆளிவிதை எண்ணெயும் மரப்பிசினும் கலந்த வார்னிஷைத் தூரிகையால் பூசுவார்கள். காயவிட்டுத் தேய்த்து மறுபடி பூசுவார்கள். ஒரு வண்டிக்கு வாரக்கணக்கில் ஆகும். ஏன் இவ்வளவு நேரம்? ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனை உள்ளிழுத்து, தன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வேதிவினை பெயிண்ட் காய்ந்ததோடு நின்றுவிடாது. வெயிலின் துணையோடு ஆண்டுக்கணக்கில் மெதுவாகத் தொடர்ந்து, பின்னிய இழைகளை அதுவே அறுக்க ஆரம்பிக்கும். ‘ஆக்சிடேஷன் ஆயிடுச்சு’ என்று நாம் அலுத்துக்கொள்வது, பெயிண்டை இறுக்கிய அதே வேலையின் பிற்பகுதி.

போர்டின் மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. கறுப்பு சீக்கிரம் காயும், அதனால்தான் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. தார் வகைப் பொருள் கலந்து சூளையில் சுட்டெடுத்த அந்தக் கறுப்பு மலிவானது, நன்றாக உழைப்பது. எப்படியிருந்தாலும், நிறம் வேண்டும் என்று கேட்ட வாடிக்கையாளருக்கு அங்கே பதில் இல்லை. அந்த இடத்தில்தான் போட்டியாளரான ஜெனரல் மோட்டார்ஸ் நுழைந்தது.

டூபான்ட் அடிப்படையில் வெடிமருந்துக் கம்பெனி. பருத்தியை நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் ஊறவைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். நைட்ரஜன் ஏறின ரகம் வெடிமருந்துக்குப் போகும். குறைந்த ரகத்தில் சினிமா பிலிமும் பெயிண்டும் செய்யலாம். தச்சர்கள் ‘என்சி’ என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். அதுவரை இருந்த சிக்கல், கரைசல் பாகு மாதிரி கெட்டியாக இருந்தது. ஸ்ப்ரேயில் வரும்படி இளக்கினால் ஒரு கோட்டில் ஒட்டும் பெயிண்ட் மிகக் குறைவு. 1920ல் நியூஜெர்ஸியின் பார்லின் ஆலையில், கெட்டியாகாத ரகத்தை உண்டாக்கும் வழி தற்செயலாகக் கிடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டரிங் பின்னால் நின்று நெருக்க, 1924ஆம் ஆண்டு மாடலாக வந்த ஓக்லாந்து கார் நீல நிற டூகோவில் இறங்கியது. கரைப்பான் ஆவியானால் போதும், பெயிண்ட் காய்ந்துவிடும். வாரங்கள் மணிக்கணக்காகச் சுருங்கின.

(சின்ன இடைச்செருகல்: ஜெனரல் மோட்டார்ஸ் பங்குகளில் ஏறக்குறைய 23 சதவீதம் அப்போது டூபான்ட் கையில் இருந்தது. பெயிண்டும் துணியும் விற்பதில் இந்தப் பங்குடைமை போட்டியைக் கெடுத்ததாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1957ல் தீர்ப்புச் சொன்னது.)

நமக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான். துப்பாக்கியிலிருந்து வந்த டூகோ மின்னவில்லை. முட்டை ஓடு மாதிரி ஒரு மங்கல் சாயல்தான் இருந்தது. பளபளப்பு வேண்டுமென்றால் நுண்ணிய உராய்பொருள் கலந்த பசையைப் போட்டுத் தேய்க்க வேண்டும். அதாவது நாம் ‘புதுக் கார் மெருகு’ என்று நினைப்பதே தேய்த்து எடுத்ததுதான். மேட்டைச் சீவி, பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்பும். நம் கண்ணுக்கு அது பளபளப்பு. வெளுத்த காருக்கு இன்று மெஷினில் செய்வதும் இதே வேலைதான். அடியில் இருக்கும் நல்ல பெயிண்ட் வெளியே வரும்வரை மேலே செத்துப்போன படலத்தைச் சீவுகிறோம். புதிதாக எதையும் சேர்ப்பதில்லை.

எல்லா நிறமும் ஒரே மாதிரி சாவதில்லை. வெள்ளைக் காரில் விரலை இழுத்தால் சுண்ணாம்பு ஒட்டுமே, அதற்குத் தனிக் கதை உண்டு. வெள்ளைக்குப் போடும் டைட்டானியம் டை ஆக்சைடு அனடேஸ், ரூட்டைல் என்று இரண்டு படிக வடிவங்களில் வரும். அனடேஸ் புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு, தன்னைத் தாங்கிப் பிடித்திருக்கும் பிசினையே அரிக்கும். பிசின் போனபின் நிறமித் தூள் அநாதையாக மேலே நிற்கும், அதுதான் அந்தச் சுண்ணாம்பு. வீட்டு வெளிச்சுவர்ப் பெயிண்டில் இதையே வேண்டுமென்று சேர்த்தார்கள். மழையில் தூள் கழுவிப்போகும்போது அழுக்கும் சேர்ந்து போகும், சுவர் வெள்ளையாகவே இருக்கும். காரில் யாரும் அதைக் கேட்கவில்லை! அதனால் வெளியே நிற்கும் பொருளுக்கெல்லாம் ரூட்டைலுக்கு மாறினார்கள், அதன்மேல் சிலிக்கா, அலுமினா பூச்சும் ஏற்றினார்கள். இதே ஒளிவினையை வைத்துத் தண்ணீரைப் பிரிக்கலாம் என்று 1972ல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் எழுதிய கட்டுரை ஒரு புதிய துறையையே தொடங்கிவைத்தது. பெயிண்ட்காரர்களுக்குத் தலைவலியாக இருந்தது அவர்களுக்கு வாசலானது.

நண்பர் ஒருவரிடம் எண்பதுகளின் மெரூன் நிற அம்பாசிடர் இருக்கிறது. தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் அப்படியே, பானெட் மட்டும் காய்ந்த செங்கல் மாதிரி. பாலிஷ் போடும் அண்ணன் மெஷினை எடுக்கும் முன் ஒரு வெள்ளைத் துணியில் காம்பவுண்டைத் தொட்டு ஓரத்தில் நாலு இழுப்பு இழுத்தார். துணி மெரூனாக மாறியது. “கிளியர் இல்ல சார், நேர் கலர்தான்” என்றார். மேலே கண்ணாடிப் படலம் இல்லாத, நிறமே கடைசிக் கோட்டாக இருக்கும் பெயிண்ட் என்று அர்த்தம். அடுத்து எண்ணெய்ச்சத்து மிகுந்த பசையைக் கையால் தேய்த்து, ஒரு ராத்திரி ஊறவிட்டார். காய்ந்து நொறுங்கிய மேல்படலத்தை நேரே மெஷினால் தாக்கினால் அது வறட்டுத்தூளாகி பேடை அடைத்துக்கொள்ளும். எண்ணெய் ஊறியபின் இழுவை குறையும், நிறமும் பாதி அப்போதே திரும்பிவிடும்.

மறுநாள் மடிப்பு விளிம்புகளுக்கெல்லாம் டேப் ஒட்டினார். பெயிண்ட் திரவமாக இருக்கும்போதே விளிம்பை விட்டு விலகி ஓடும், ஆகவே அங்கே எப்போதும் மெலிசு. ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷின் அந்த இடத்தில் ஒரு கணம் கூடுதலாக நின்றால் சூடேறி பிரைமர் தெரிந்துவிடும். சுற்றிக்கொண்டே அலைகிற ஆர்பிட்டல் மெஷின் அவ்வளவு ஆபத்தில்லை, நேரம்தான் அதிகம். இரண்டு மூன்று பாஸுக்கு ஒருமுறை பேடைக் கழுவினார். தண்ணீர் ரத்தம் மாதிரி ஓடியது. பழைய மஞ்சள், ஆரஞ்சு பெயிண்டுகளில் ஈயக் குரோமேட் இருக்கும் என்பதால், அந்த நிறக் கார்களை உலர்ந்த தாளால் தேய்த்துத் தூசி கிளப்புவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பட்டறைகளில் முகக்கவசம் இல்லாமல் அதைச் செய்கிறார்கள்.

இன்றைய கார்களில் கணக்கு வேறு. நிறத்துக்கு மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று ஒரு படலம், 40, 50 மைக்ரான் இருந்தால் அதிகம். தலைமுடியைவிட மெலிசு. வெயிலைத் தடுக்கும் வேதிப்பொருள் அதற்குள்தான் இருக்கிறது. லேசான மங்கலும் கீறலும் பாலிஷில் போகும். ஆனால் கிளியர் பொரிந்து தோல் உரிய ஆரம்பித்துவிட்டால் எந்த மெஷினாலும் ஒன்றும் செய்ய முடியாது, மறுபடி அடிக்க வேண்டியதுதான். பட்டறையில் காந்தம் மாதிரி வைத்துப் பார்க்கும் சாதாரண அளவுமானி மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், அதில் கிளியர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. ‘பழைய பெயிண்ட் மாதிரி வருமா’ என்ற பெருமூச்சில் நியாயம் இருக்கிறது. பழைய பெயிண்ட் சீக்கிரம் செத்தது, ஆனால் கடைசி மைக்ரான்வரை அதே நிறமாக இருந்தது.

அம்பாசிடரின் கூரையில் மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. நடுவில் ஒரு உள்ளங்கை அளவுக்குச் சாம்பல் பிரைமர் ஏற்கெனவே நிழலாடியது. முந்தைய உரிமையாளர்கள் யாரோ வருஷா வருஷம் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்திருக்க வேண்டும். நண்பர் கூரையை முழுசாகச் சுரண்டிப் புதிதாக அடித்துவிடலாம் என்றார். நான் கூடாது என்றேன். தொழிற்சாலைப் பெயிண்ட் ஒருமுறைதான், புது நிறம் எவ்வளவு பொருத்தமாகக் கலந்தாலும் அது வேறு பெயிண்ட். அண்ணன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மெஷினை அணைத்தார். கூரைக்கு எண்ணெய்ப் பசையும் மெழுகும் மட்டும், கையால். பானெட் இப்போது முகம் பார்க்கலாம் போல இருக்கிறது. கூரை மங்கலாக, பிரைமர் நிழலோடு அப்படியே நிற்கிறது.