முத்துப்பட்டன் கதையும் எடுத்துரைப்பியலும்

கதை என்பது பொழுது போக்குவதற்காகப் பாட்டிமார் சொல்வது. வரலாறு என்பது அரசரும் போரும் ஆண்டுகளும் அடங்கியது. இவ்வாறே நாமும் பல்லாண்டுகள் வகுப்பறையில் கற்பித்து வந்தோம். பின்னரே ஓர் உண்மை புலப்பட்டது. தென்காசிக் காசிவிசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியனுக்குக் கல்லிலே எழுத்து உண்டு. அக்கல்லைச் சுமந்தவர்க்கு இல்லை. கல்வெட்டும் செப்பேடும் வாய்க்காத மக்களுக்குக் கதையே ஆவணம். அந்த ஆவணத்தைப் படிக்கும் முறையை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும் என்பதற்காகவே இவ்வெள்ளி விழா மலரில் இதனை எழுதுகின்றோம்.

கதை சொல்லப்படும் முறையை ஆராயும் துறையை எடுத்துரைப்பியல் என்பர். ருசிய அறிஞர் விளாதிமிர் பிராப் 1928-இல் தம் நாட்டு மாயக்கதைகள் நூற்றை ஆராய்ந்து, அவை 31 செயல்களுக்குள் அடங்கும் என்றார். இத்துறைக்கு 1969-இல் பெயரிட்டவர் தோதரோவ். 1972-இல் ழெனெத் என்னும் பிரெஞ்சு அறிஞர், ‘பார்ப்பவர் யார்?’, ‘பேசுபவர் யார்?’ என்பவை இரு வேறு வினாக்கள் என்று பிரித்துக் காட்டினார். துறையின் பெயர் கண்டு அஞ்ச வேண்டா. நமக்கு இவ்விரு வினாக்களே போதும்.

குற்றாலக் குறவஞ்சியில் மலைவளம் சொல்பவள் சிங்கி. அவள் வாயில் சொல்லை வைத்தவரோ மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர். நூலின் சுவையில் குறை காண்பது நம் நோக்கமன்று. அதனை நடத்தும்போது மணி அடித்ததும் அறியாது நாம் நின்றதுண்டு. எனினும் பேசுவது குறத்திதானா என்று கேட்கும் உரிமை மாணவர்க்கு உண்டு.

இனி நம் பகுதியில் வில்லுப்பாட்டாக வழங்கும் முத்துப்பட்டன் கதைக்கு வருவோம். அந்தணர் குலத்து இளைஞனாகிய முத்துப்பட்டன், அருந்ததியராகிய வாலப்பகடையின் மக்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் காண்கிறான், மணக்க விழைகிறான். வாலப்பகடை உடனே இசையவில்லை. பூணூலையும் குடுமியையும் நீக்கி, செருப்புத் தைக்கக் கற்றுவந்தால் பெண் தருவதாகக் கூறுகிறார். பட்டன் அவ்வாறே செய்கிறான். திருமணம் முடிந்த இரவிலேயே மாடுகளைக் கள்வர் கவர்ந்த செய்தி வருகிறது. மாமனாரின் கிடையைக் காக்கப் போரிட்டு வென்றவனை, மறைந்திருந்த ஒருவன் வஞ்சகமாகக் குத்திக் கொல்கிறான். மனைவியர் இருவரும் சிங்கம்பட்டி சமீன்தாரிடம் இசைவு பெற்றுத் தீப்பாய்கின்றனர். பாபநாசத்திற்கு மேலே, காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் அவன் பட்டவராயனாக வழிபடப்படுகிறான். இன்றும் அடியார் அவனுக்குச் செருப்பையே காணிக்கையாகச் செலுத்துகின்றனர்.

இக்கதையைப் பதிப்பித்தவர் நாங்குநேரியிற் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அதனை வெளியிட்டது. கதையின் ஒரு வடிவத்தில் அப்பெண்கள் இருவரும் பிறப்பால் அந்தணர் மக்கள் என்றும், காட்டில் விடப்பட்டு வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர் என்றும் வருகிறது. மேற்சாதியார் மனம் கோணாதிருக்கப் பிற்காலத்தே செருகப்பட்ட பகுதி இது என்று வானமாமலை எடுத்துக்காட்டினார்.

ஒரு பிறப்புக்கதை தானே, அதனால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அப்பகுதியைச் சேர்த்துக் கதையை மீண்டும் சொல்லிப் பாருங்கள். தந்தையாக நின்று நிபந்தனை விதித்த வாலப்பகடை வெறும் வளர்ப்பவர் ஆகிவிடுகிறார். பூணூலை அறுத்த பட்டனின் துறவு பொருளற்றுப் போகிறது. அந்தணன் அந்தணப் பெண்களை மணந்தான் என்பதில் யாருக்கு என்ன இழப்பு? பின்னே வரும் நிகழ்ச்சிகளில் ஒன்றையும் மாற்றாமல், தொடக்கத்தில் சிலவற்றைச் சேர்த்தே கதை முழுவதையும் திருப்பிவிட்டனர். மதுரை வீரனைக் காசி அரசன் மகனாக்கியதும் இவ்வகையே. நந்தனார் கதையிலோ, பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைப் பண்ணை உடையவராகக் கொண்டு வந்தார் கோபாலகிருட்டிண பாரதியார். அதே நந்தனை அயோத்திதாசப் பண்டிதர் பௌத்த அரசனாகக் கண்டு எழுதினார்.

பிராப் வகுத்த 31 செயல்களில் இறுதியானது திருமணம். நம் கதையிலோ திருமணத்திற்குப் பின்னரே கொடுமை தொடங்குகிறது. வஞ்சகச் சாவும் அதன்பின் தெய்வமாதலுமே வில்லுப்பாட்டின் உயிர்நிலை. அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். வெளிநாட்டார் வகுத்த அளவுகோலை நம் பாட்டின்மேல் அப்படியே வைத்தால் நம் பாட்டே குறையுடையதாகத் தோன்றும். ஆதலால் அளவுகோலையும் ஆராய வேண்டும்.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். நம் இளைஞர் சிலர்க்கு இது கசக்கலாம். கதையில் வரும் ஒவ்வொரு வீரனையும் அரசனாக்கி, அவனுக்கு ஆண்டும் அரண்மனையும் கற்பிக்கும் ஆர்வம் இன்று நம்மிடையே வளர்ந்துள்ளது. பிறர் செருகியதைக் கண்டிக்கும் நாமே செருகலாமா? மாடு காத்தவரும் தோல் பதனிட்டவரும் கதைத்தலைவராக இருப்பதில் நமக்கு என்ன குறை?

சில ஆண்டுகளுக்கு முன்பு, தென்காசிக்கு அருகே ஒரு குடியிருப்பில் வாழ்ந்த முதியவளிடம் நம் பள்ளி மாணவர் இருவரை அழைத்துச் சென்றோம். அவள் கதையைப் பட்டனின் பிறப்பிலிருந்து தொடங்கவில்லை. வாலப்பகடை தோலைக் காயப்போடும் இடத்திலிருந்து தொடங்கினாள். “ஆச்சி, அந்தப் பெண்கள் காட்டில் கண்டெடுத்த பிள்ளைகள் என்று சொல்கிறார்களே?” என்று வினவினோம். வெற்றிலையை மென்றவாறே அவள் நம்மை ஏற இறங்கப் பார்த்தாள். “யாரு சொன்னா வாத்தியாரய்யா? அவரு பெத்த பிள்ளைய. பெறாமலா அந்த அழுகை அழுதாரு?” என்றாள்.

மாணவன் ஒருவன் அதனை அப்படியே எழுதிக்கொண்டான். மீண்டும் சென்று கேட்பதற்குள் அவள் காலமானாள். அந்த நோட்டுப் புத்தகம் நம்மிடம் உள்ளது. அதில் ஆறு பக்கங்களே எழுதப்பட்டுள்ளன.