வன்னிக் கமக்காரரும் அரச மானியமும்: ஒரு வரலாற்று நோக்கு

வன்னி என்றதும் குளங்களும் வயல்களுமே நம் நினைவுக்கு வருவன. ஆயினும், அப்பெருநிலத்தின் அண்மைக்கால வரலாற்றை வயற்காணி இடாப்புகளிலும் தேடவேண்டியுள்ளது. அரச மானியம் எவரைச் சென்றடைந்தது என்பதைத் தீர்மானிப்பதில் ஏட்டில் எழுதப்பட்ட பெயருக்குப் பெரும் பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வன்னியில் அரச உதவியின் முதல் வடிவம் நீரும் நிலமுமாகும். இரணைமடுக் குளம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பெற்றது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், குடியேறியோருக்கு அனுமதிப்பத்திரத்தின் மூலம் அரச காணி வழங்க வழிசெய்தது. அக்காணியைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடுகள் இருந்தமையால், அதனைக் குத்தகைக்குச் செய்தவர் பலர் எழுத்தில் இடம்பெறாத கமக்காரராயினர்.

இரண்டாவது வடிவம் விலையாகும். உத்தரவாத விலைத் திட்டத்தின் கீழ் 1952 இல் ஒரு புசல் நெல்லுக்கு 12 ரூபா வழங்கப்பட்டது. கூட்டுறவுச் சங்கங்கள் கொள்வனவு செய்தன; 1971 இல் நெல் சந்தைப்படுத்தும் சபைக்கான சட்டம் நிறைவேறியது. இம்மானியம் நெல்லை அளந்தே கொடுக்கப்பட்டது. எனவே, விற்பதற்கு மிகுதி உடையவரே பயனடைந்தனர். உண்பதற்கு மட்டும் விளைவித்தவருக்கும், விளைச்சலைக் கடனுக்கு முன்னரே பேசிவிட்டவருக்கும் அதனாற் கிடைத்தது சொற்பமே.

மூன்றாவது, 1962 இல் தொடங்கிய உரமானியம். இதற்கு நான்காண்டுகள் முன்னர், 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்துக் குத்தகைக் கமக்காரரின் உரிமையைக் காக்க முனைந்தமை ஈண்டு நோக்கத்தக்கது. உழுபவரின் பெயரை ஏட்டில் ஏற்றும் முயற்சி அதுவெனலாம். 1979 ஆம் ஆண்டின் கமநல சேவைகள் சட்டம் அக்குழுக்களை அகற்றியது.

மானியம் என்ற பெயரின்றியே கிடைத்த உதவியும் ஒன்றுண்டு. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால், விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய குடியேற்றத் திட்டங்களின் இளைஞர் நல்ல விலை பெற்றனர். 1977 இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் அந்நிலையைக் குலைத்தது. ஏட்டில் எவர் பெயரும் எழுதாமல் விளைவித்தவரையே சென்றடைந்த அவ்வுதவி, ஒரு கொள்கை மாற்றத்தோடு மறைந்தது.

பின்னர் வந்தது போர். 1990களில் வன்னிக்கான தடைப்பட்டியலில் உரமும் இடம்பெற்றது. 2005 இல் 50 கிலோ உர மூடை 350 ரூபாவாகக் குறைக்கப்பட்டது. ஆனால் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் வயலையும் வீட்டையும் விட்டு இடம்பெயர்ந்தனர். பலர் காணிப் பத்திரங்களையும் இழந்தனர். மீண்டுவந்தபோது நிலம் இருந்தது. அதற்கான சான்று பலரிடம் இருக்கவில்லை.

1992 இல் ஐரோப்பிய நாடுகள் விலை ஆதரவிலிருந்து நேரடிக் கொடுப்பனவை நோக்கித் திரும்பின. இலங்கையும் 2016 இல் உர மூடைக்குப் பதிலாகப் பணம் வழங்க முற்பட்டது. பின்னர் மூடைக்கே மீண்டது. 2021 இன் இரசாயன உர இறக்குமதித் தடை விளைச்சலை வீழ்த்திய பின்னர், பணக்கொடுப்பனவு மறுபடியும் வந்தது. உர மூடை எவர் பெயரில் வந்தாலும் வயலுக்கே உரியது. பணமோ பெயருடையவரின் வங்கிக்கணக்கிலேயே தங்கிவிடக்கூடும். பதிவில்லாத குத்தகைக்காரர் முழுவிலைக்கு உரம் வாங்க நேரிடும்.

ஆகவே, மானியம் எவ்வளவு என்ற வினாவுக்கு முன்னர், எவர் பெயரில் என்ற வினா எழவேண்டும். உழுபவரின் பெயர் இடாப்பில் ஏறும்வரை, வன்னியில் மானியத்தின் வரலாறு பாதி எழுதப்பட்ட வரலாறாகவே இருக்கும்.